ஐப்பசிக்கு முன் பீரோ

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. தரைத்தள வீட்டில் வெள்ளம் வந்தால் முதலில் நனைவது பீரோவின் கீழ்த்தட்டு. பெரும்பாலான வீடுகளில் அந்தத் தட்டில்தான் யாரும் தொடாத துணிகள் கிடக்கின்றன: கல்யாண வீட்டில் வைத்துக் கொடுத்த ஜாக்கெட் துண்டு, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன பாவாடை, இளைத்த பிறகு போடலாம் என்று எடுத்து வைத்த கால்சட்டை, எந்தத் தீபாவளிக்கு எடுத்தது என்றே நினைவில்லாத புடவை.

புயல் வராத ஆண்டிலும் அவை தப்புவதில்லை. கடலோர ஊரின் ஈரக்காற்று நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போட்ட மடிப்புகளில் இராமபாணப் பூச்சி குடியேறும். ஜரிகை கறுக்கும். கால்சட்டை இடுப்பின் எலாஸ்டிக் இற்றுப்போகும். புதுச்சேரியில் உடுத்தித் தேய்ந்து வீணாகும் துணியைவிட உடுத்தாமல் கிடந்து வீணாகும் துணியே அதிகம் என்பது இந்த அத்தியாயத்தின் கட்சி. பீரோவைக் காலி செய்வதும் கடையில் யோசித்து எடுப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். ஒன்றை மட்டும் செய்தால் மறு ஆண்டே கீழ்த்தட்டு நிரம்பிவிடும்.

துணி அடுக்குவதைப் பற்றி வரும் வெளிநாட்டுப் புத்தகங்கள் நான்கு பருவங்களை வைத்துப் பேசுகின்றன. கோடை முடிந்தால் கம்பளித் துணியைக் கீழே இறக்கு, பனிக்காலம் முடிந்தால் மேலே ஏற்று என்பது அவற்றின் கணக்கு. அந்தக் கணக்கு இங்கே உதவாது. சித்திரையில் தொடங்கும் வெயில், அக்னி நட்சத்திரம் முடிந்தும் லேசில் விடுவதில்லை. ஆடி, ஆவணியில் மாலை நேரத்து மழை வரும். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடும். தை பிறந்தால் கொஞ்ச நாள் இதமான காற்று. ஆகவே இந்த ஊருக்கு இரண்டு வகைத் துணி போதும்: வேர்வையை உறிஞ்சுவது ஒன்று, ஈரத்தில் சீக்கிரம் உலர்வது மற்றொன்று. பீரோவைத் திறந்து பார்க்கவும் இரண்டு காலம் போதும். ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கும் வாரம் ஒன்று, மழை ஓய்ந்து போகி வரும் வாரம் மற்றொன்று. இரண்டிலும் வீட்டில் எப்படியும் துடைப்பம் கையில் இருக்கும்.

தட்டுத் தட்டாக

மொத்த பீரோவையும் கட்டிலில் கொட்டிவிட்டு உட்கார்ந்தால் இரவு படுக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் திரும்பத் திணிப்பதில்தான் முடியும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று எடுத்துக்கொள்வது நல்லது. வெயில் உள்ள காலையில், கீழ்த்தட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு துணியையும் பிரித்து உதறி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மடித்தபடி பார்த்தால் எல்லாத் துணியும் நல்ல துணியாகவே தெரியும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போன தையிலிருந்து இது எத்தனை முறை உடம்பில் ஏறியது? இதற்கு நினைவை நம்ப முடியாது. விருப்பமான புடவையைப் பல முறை கட்டியதாகவே மனம் சொல்லும். அதற்கு எளிய வழி உண்டு. தை மாதத்தில் பீரோவைச் சீர்செய்யும்போது எல்லாத் துணியையும் மடிப்பு உள்பக்கம் இருக்கும்படி அடுக்கிவிட வேண்டும். உடுத்தித் துவைத்து வந்ததை மட்டும் மடிப்பு வெளிப்பக்கம் தெரியும்படி வைக்க வேண்டும். புரட்டாசியில் பீரோவைத் திறந்தால், ஒன்பது மாதத்தில் தொடாத துணி எதுவென்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

பட்டுப்புடவைக்கு இந்தக் கணக்கு கிடையாது. கல்யாணமும் காதுகுத்தும் வரும்போதுதான் அது வெளியே வரும். அதற்குத் தேவை பராமரிப்பு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, பழைய மடிப்பில் ஜரிகை முறியாதபடி மடிப்பை மாற்றி, நிழலில் சிறிது நேரம் ஆறவிட்டு, துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்க வேண்டும். கடையில் தரும் பிளாஸ்டிக் உறை வீட்டுக்கு எடுத்து வரும் வரைதான். அதற்குள்ளேயே விட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் துணியிலேயே தங்கிவிடும். பாச்சை உருண்டை போடுகிறவர்கள் அதைத் துணியில் முடிந்து, ஜரிகையில் படாத மூலையில் வைக்கலாம். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போதும் என்று இருக்கும் வீடுகளும் உண்டு. கைக்குழந்தையின் துணிகளோடு மட்டும் பாச்சை உருண்டையை வைக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை நாஃப்தலின் அழித்துவிடும். அந்தக் குறை இருப்பது பல குழந்தைகளுக்கு முன்கூட்டியே தெரிவதில்லை.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை இன்னும் சில. கஞ்சி போட்ட காட்டன் புடவையையும் வேட்டியையும் கஞ்சி போக அலசி, மொறுமொறுவென்று காயவைத்து உள்ளே வைக்க வேண்டும். இராமபாணத்துக்குக் கஞ்சியே தீனி. பீரோ சுவரை ஒட்டி நின்றால் இரண்டு மூன்று அங்குலம் முன்னே நகர்த்த வேண்டும். கடற்கரையை ஒட்டிய பழைய சுண்ணாம்புச் சுவர்கள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் பீரோக் கதவைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஃபேன் போட்டால் போதும். தண்ணீர் ஏறும் தெருவில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கீழ்த்தட்டைக் காலியாகவே வைத்திருப்பது நலம். காலி செய்த தட்டில் வெள்ளம் கெடுக்க ஒன்றும் இராது.

பிரான்சிலிருந்து வந்த பெட்டி

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பிரான்ஸ் புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள இங்கிருந்தவர்களுக்கு வாய்ப்பு தரப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரான்சில் வாழ்கிறார்கள். அந்த நாட்டில் தள்ளுபடி விற்பனைக்கு ஆண்டில் இரண்டு முறை, நான்கு நான்கு வாரம் என அரசே காலம் குறிக்கிறது. கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசியில் தொடங்கும். பள்ளி விடுமுறைக்கு ஜூலை, ஆகஸ்டில் ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் அந்தத் தள்ளுபடித் துணியும் வந்து இறங்கும். இங்கே அது ஆடித் தள்ளுபடிக் காலம். ஒரே மாதத்தில் இரண்டு நாட்டுத் தள்ளுபடியும் ஒரே பீரோவில் வந்து சேர்கிறது.

அப்படி வந்தவற்றில் கம்பளிச் சட்டைகளும் உள்ளே பஞ்சு வைத்த மேலங்கிகளும் இருக்கும். அன்போடு வந்தவை என்பதால் யாருக்கும் கொடுக்க மனம் வராது. மார்கழி விடியற்காலையில்கூட புதுச்சேரியில் அவற்றுக்கு வேலையில்லை. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும் நாளுக்காக ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். மற்றவை குளிர் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு நகரங்களில் திரட்டும் துணிகளைத் தரம் பிரித்து, தேவையுள்ள ஊர்களுக்கு அனுப்புகிறது. குளிர்காலத்தில் வட இந்தியக் கிராமங்களுக்குக் கம்பளித் துணி சேர்ப்பது அதன் பழைய பணிகளில் ஒன்று. வெளிநாட்டு உறவினரிடம் அளவையும் தேவையையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "அத்தை, பிள்ளைங்களுக்குப் பருத்தி டி-ஷர்ட் மட்டும் போதும்" என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் செலவும் மிச்சம், பெட்டியில் இடமும் மிச்சம்.

கொடுப்பதிலும் முறை உண்டு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு புதுச்சேரி, காரைக்கால், கடலூர், நாகப்பட்டினம் கரையோரங்களுக்கு நாடெங்கிலுமிருந்து பழைய துணி லாரி லாரியாக வந்தது. அதில் பெரும்பகுதி கட்ட முடியாதது. கிழிந்தவை, அழுக்கானவை, கடற்கரைக் குப்பத்துப் பெண்கள் ஒருநாளும் உடுத்தாத வகைகள் எல்லாம் சாலையோரம் குவிந்து கிடந்தன. வீட்டை இழந்து நின்றவர்களுக்கு அது அவமானமாகவும் இருந்தது. அப்படிக் கழிக்கப்பட்ட துணிகளைத் திரட்டி வேறு பயனுக்குக் கொண்டுவந்த வேலையையும் கூஞ்ச் செய்தது. அதே பேரலைக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்புக் கூடம் மீனவப் பெண்களுக்குத் துண்டுத் துணியில் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. 'சுனாமிகா' என்ற அந்தப் பொம்மை விற்பனைக்கு வைக்கப்படாமல் பரிசாகவே உலகெங்கும் போனது. லாரியில் வந்த துணி தெருவில் கிடந்தது. தையல் கூடத்து வெட்டுத் துண்டு ஒரு பெண்ணுக்கு வேலையும் தெம்பும் தந்தது. வாங்குகிறவர் யார், அவருக்கு என்ன தேவை என்று கேட்டவர்களும் கேட்காதவர்களும் செய்த வேலைக்குள்ள வித்தியாசம் இது.

ஆகவே கொடுக்கும் துணி துவைத்து, பொத்தான் தைத்து, மடித்து இருக்க வேண்டும். சுடிதாருக்குத் துப்பட்டாவும், புடவைக்கு அதற்குரிய ரவிக்கையும் சேர்ந்தே போக வேண்டும். உள்ளாடையைக் கொடுக்கக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கேட்காமல் மூட்டையைக் கையில் திணிப்பதைவிட, விரித்து வைத்து, பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை. மிச்சத்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

எதையும் எரிக்கக் கூடாது. போகிக்குப் பழையதைக் கொளுத்தும் வழக்கம் பருத்தியும் ஓலைப்பாயும் மட்டும் வீட்டில் இருந்த காலத்தில் உருவானது. இன்றைய நைட்டியிலும் லெக்கின்ஸிலும் பெரும்பாலும் பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை கலந்திருக்கும். அது உருகி நச்சுப் புகையாகித் தெருக் குழந்தைகளின் மூச்சில்தான் கலக்கும். குப்பை வண்டியில் போட்டால் குரும்பாபேட் கிடங்குக்குப் போய்க் கிடக்கும். நைந்த பருத்திப் புடவையைத் தூளிக்கும், பிறந்த குழந்தையைச் சுற்றவும், பட்டுக்கு உறையாகவும், கடைசியில் கரித்துணியாகவும் பயன்படுத்தியது நம் வீடுகளின் பழக்கம். பழைய பனியனைத் துண்டாக்கிப் பட்டறைகளில் எண்ணெய் துடைக்க வாங்குகிறார்கள். பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காக எடுத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. ஜரிகையை உரைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள் என்பதால், ஒரு கடையோடு நிற்காமல் இரண்டு இடத்தில் காட்டிக் கேட்க வேண்டும். வெள்ளி இல்லாத ஜரிகைக்கு விலை கிடைக்காது. அந்தப் புடவை பேத்திக்குப் பாவாடையாவது மேல்.

நெய்த ஊர், வாங்கும் ஊர்

துணியை அற்பமாக நினைக்கப் புதுச்சேரிக்காரர்களுக்கு நியாயமே இல்லை. பிரெஞ்சுக் காலத்துத் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கப்பல் ஏறும் துணிக்கட்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே அவுரிச் சாயம் தோய்த்த 'கினி' நீலத்துணி, மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்கப் பணமாகவே புழங்கியது. முதலியார்பேட்டையில் ரோடியர் மில் என்று ஊர் அழைத்த ஏ.எஃப்.டி. ஆலை 1898-இல் தொடங்கியது. 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டத்தின் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிர் இழந்தார்கள். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக வந்தது. ஏ.எஃப்.டி. 2020-இல் மூடப்பட்டது. நீலத்துணியைப் பணமாக ஏற்றுக்கொண்ட அதே மேற்கு ஆப்பிரிக்காவில், கானாவின் அக்ரா நகரத்துக் கண்டமாண்டோ சந்தைக்கு இன்று பணக்கார நாடுகள் கழித்த துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. விற்காதது கடற்கரையில் ஒதுங்குகிறது.

மலிவுத் துணியின் விலையை நமக்கு அருகிலேயே ஓர் ஆறு கொடுத்திருக்கிறது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பயிருக்கு ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட வேண்டிவந்தது. ஒரே ஒரு டி-ஷர்ட்டுக்கான பருத்தி விளையவும் துணியாகவும் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் தேவை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த டி-ஷர்ட் ஒரு முறை போட்டுவிட்டுக் கீழ்த்தட்டில் கிடந்தால் அவ்வளவு தண்ணீரும் வீண்.

கடைத்தெருவில்

விலைச்சீட்டில் உள்ள தொகை பாதிக் கணக்குதான். எத்தனை முறை உடுத்துவோம் என்பதால் அதை வகுத்துப் பார்க்க வேண்டும். 600 ரூபாய்க் காட்டன் குர்த்தியை நாற்பது முறை போட்டால் ஒரு முறைக்கு 15 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேன்சி புடவையை இரண்டு முறை கட்டிவிட்டு மடித்து வைத்தால் ஒரு முறைக்கு 1,500 ரூபாய். இந்த வகுத்தலைக் கடையிலேயே, பணம் எடுக்கும் முன் மனத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

மகாத்மா காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டுக்குக் கையில் பட்டியலும் அளவு நாடாவும் இல்லாமல் போகக் கூடாது. போட்டுப் பார்க்க அங்கே இடமில்லை. வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையின் தோள், மார்பு, நீளம் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொண்டு போனால் ஏமாற வேண்டியதில்லை. ஏற்றுமதியில் மிஞ்சியது என்று குவித்திருக்கும் துணியில் நல்ல சரக்கும் உண்டு. ஏன் மிஞ்சியது என்று தேடிப் பார்ப்பதுதான் வேலை. கை ஒன்று நீண்டிருக்கலாம், சாயம் திட்டாக இருக்கலாம், ஊசி ஓட்டை இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நிறம் உள்ளபடி தெரியும். இது கடைகளின் விளக்கொளியில் கிடைக்காத வசதி. தினப்படி கைலி, நைட்டி, வளரும் பிள்ளைகளின் உடுப்பு ஆகியவற்றுக்கு இந்தச் சந்தை போதும்.

துணியைத் தொட்டு அறியும் வழிகள் பழையவைதான். ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று தெரியும். தையலின் உள்ளே அரை அங்குலமாவது துணி விட்டிருந்தால் பின்னால் பிரித்துப் பெரிதாக்கலாம். இயந்திரத்தில் ஒட்ட வெட்டித் தைத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. முந்தானையிலிருந்து ஒரு நூலை எடுத்து எரித்தால், பட்டு முடி கருகும் வாசனையோடு பொடியாகும், பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாக இறுகும். பட்டு எடுக்கிறவர்கள் மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரையையும், கைத்தறி எடுக்கிறவர்கள் 2006-இல் வந்த கைத்தறி முத்திரையையும் கேட்டுப் பார்க்கலாம். கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவுக் கடைகள் பண்டிகைக் காலத்தில் தரும் தள்ளுபடி, நெசவாளரின் சரக்கை விற்றுக்கொடுக்க உதவுவது. தள்ளுபடியை நம்பி எடுப்பதென்றால் அங்கே எடுப்பது நல்லது.

ஆடித் தள்ளுபடியில் ஏதாவது எடுப்பதாக இருந்தால் ஆனியிலேயே அந்தப் பொருளின் விலையைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதி வைத்த விலையோடு ஒப்பிட்டால்தான் குறைந்தது எவ்வளவு என்று தெரியும். மிஷன் வீதியிலும் கடற்கரைப் பக்கத்து வீதிகளிலும் உள்ள பூட்டிக் கடைகளில் லினன், காட்டன் உடுப்புகள் இந்த ஊர் வெயிலுக்குப் பொருத்தமானவை. விலைதான் சுற்றுலாப் பயணிக்கு வைத்தது. மாடலை மனத்தில் வாங்கிக்கொண்டு, நேரு வீதியில் மீட்டர் துணி எடுத்து, தெரிந்த டெய்லரிடம் கொடுத்தால் உடம்புக்குப் பொருந்தத் தைத்தும் கிடைக்கும். தீபாவளிக்கு வேண்டுமானால் ஆவணியிலேயே கொடுத்துவிட வேண்டும். புரட்டாசி பிறந்தால் எந்த டெய்லருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது.

அதே டெய்லர் பழையதைப் பிரித்துத் தைக்கவும் வேண்டும். பிரான்சில் 2023 நவம்பர் முதல் துணியைப் பழுது பார்த்தால் 6 முதல் 25 யூரோ வரை கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் திட்டம் நடக்கிறது. அங்கே பழுது பார்க்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால் ஊக்கத்தொகை கொடுத்து இழுக்க வேண்டியிருக்கிறது. புதுச்சேரியில் ஜிப் மாற்றவும் கீழ்மடிப்பு தைக்கவும் ஆல்டரேஷன் மெஷினோடு உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுத்தால்தான் அவர்களும் நிலைப்பார்கள்.

கடைசியாக, பில். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த உடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்; பில்லில் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருந்தாலும் குறையுள்ள துணிக்கு அது செல்லாது. பில்லில் காலம் குறிப்பிடாத இடத்தில் 30 நாளுக்குள் கொண்டுபோன குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும், பில் தராமல் இருப்பதையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிகம் என்கிறது. கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அதற்குப் பில் கையில் இருக்க வேண்டும்.